மிட்டாய் ஆட்டமா, லிசெஸ் சதுரங்கமா?

வேளச்சேரியிலிருந்து திருமயிலை வரை பறக்கும் ரயிலில் போகிற நேரத்துக்கு ஏதாவது விளையாடலாம் என்று தேடியதில் என் போனில் இரண்டு தங்கின. ஒன்று மூன்று மூன்றாக மிட்டாய் சேர்த்து வெடிக்கவைக்கும் ஆட்டம், இன்னொன்று இணையத்தில் சதுரங்கம் ஆடும் லிசெஸ். இப்போது லிசெஸ் மட்டும்தான் இருக்கிறது.

வண்ணம், சத்தம் எல்லாவற்றிலும் மிட்டாய் ஆட்டம்தான் மேல். புதிதாக வருகிறவரைப் பிடித்து உட்காரவைப்பதிலும் அதுதான் கெட்டி: முதல் சில கட்டங்களில் தோற்பதே கஷ்டம். பெரிய வெடிப்பு எப்போது வரும் என்று தெரியாது, அந்தத் தெரியாமைதான் கையை விடாது. எப்போது இரை விழும் என்று தெரியாவிட்டால் புறா கொத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் காட்டிய அதே விஷயம். லிசெஸில் கணக்குகூடத் தொடங்காமல் ஆடலாம், ஆனால் முதல் நாளே நாலு பேரிடம் தோற்க வேண்டியிருக்கும்.

நான் பார்த்தது வேறு. நாலு நாள் விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகிறது? மிட்டாய் ஆட்டத்தில் தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, போனில் 9 சதவீதம் சார்ஜ். தாம்பரத்திலிருந்து அக்கா கூப்பிடுவாள் என்று அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய நேரத்தில், 61வது நாள் பரிசு போய்விடுமே என்று ஆட்டத்தைத் திறந்தேன். நெட்வொர்க் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது, 4 சதவீதத்தில்தான் மூடினேன். ஒன்று கிடைக்கிற சந்தோஷத்தைவிட அதே அளவு இழப்பு அதிகமாக வலிக்கும் என்று கானமன், ட்வர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-லேயே எழுதிவிட்டார்கள். அன்று என்னை இழுத்தது விளையாடும் ஆசையே இல்லை, சேர்த்தது போய்விடும் என்கிற பயம்.

லிசெஸில் ஒரு மாதம் கழித்து வந்தாலும், நம் ஆட்டத் திறனைக் காட்டும் ரேட்டிங் புள்ளி விட்ட இடத்திலேயே இருக்கிறது. நன்கொடையில் நடப்பது, விளம்பரம் கிடையாது, அதனால் நான் உள்ளேயே கிடக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. சரி, அங்கே இழுப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று நிமிட ஆட்டத்தில் தோற்றால் உடனே இன்னொன்று என்று கை போகும், அதனால் பத்து நிமிட ஆட்டம் மட்டும்தான் ஆடுகிறேன்.

குழந்தைகளுக்கு எது நல்லது என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை, பார்த்தது அண்ணன் மகனை மட்டும். குகேஷ் 2024-ல் உலகச் சாம்பியன் ஆன பிறகு சதுரங்க வகுப்பில் சேர்ந்தவன், லிசெஸ் புதிர்களைப் போடுகிறான். அரையாண்டுத் தேர்வுக்காக இரண்டு வாரம் தொடவே இல்லை. முடிந்த அன்று சாயங்காலம் திறந்து, "சித்தப்பா, இதுல குதிரையை எங்க வைக்கணும்?" என்று பழைய புதிரிலிருந்தே ஆரம்பித்தான்.