நூல்கண்டு ஸ்டாண்டு ஆர்டர் கொடுப்பவர்களுக்கு எச்சரிக்கை: 7,400 ரூபாய் போச்சு

நீலகிரியில் டிரவுட் மீனுக்கு ஃப்ளை (தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்யும் பூச்சி மாதிரியான பொய் இரை) கட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அந்தக் கொஞ்சம் பேராவது ஏமாறாமல் இருக்கட்டும் என்று கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். நூல்கண்டுகளை மாட்டி வைக்கக் குச்சி வைத்த, கதவு போட்ட சின்ன சுவர் அலமாரி ஒன்றுக்கு 7,400 ரூபாய், முழுப் பணமும் முன்னாலேயே கட்டினேன். வந்து சேர்ந்தது விறகு.

கடை பெயரைப் போடவில்லை. கைவேலை மரச்சாமான் என்று போட்டோ போட்டு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் ஆன்லைன் கடை.

நம்பியது எதனால் என்றால், அந்த ஆள் பேசிய பேச்சு. "நூல் பட்டா நைலானாண்ணா?" என்று அவனாகவே கேட்டான். நைலானுக்கு வெயில் ஆகாது, பட்டுக்கு ஈரம் ஆகாது, அதனால் வெளிச்சம் புகாத கதவு போட்டு, பின்பலகையைச் சுவரில் ஒட்டாமல் தள்ளி நிற்கிற மாதிரி செய்து தருகிறேன் என்றான். அத்தனையும் சரியான பேச்சு. ஜன்னலோரம் கிடந்த நைலான் நூல் தூண்டில் முள்ளில் நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் பட்டென்று அறும், கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஈரத்தைப் பற்றி நமக்குச் சொல்லவே வேண்டாம், 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டிய அவலாஞ்சி பக்கத்தில்தானே இருக்கிறோம். அவலாஞ்சி டிரவுட் பண்ணையை நேரில் பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னான். நூல் சுற்றியிருக்கும் ஸ்பூலின் நடுத் துளையை ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினேன்: துளை 6 மி.மீ., குச்சி 5 மி.மீ. இருக்கட்டும், நுனி லேசாக மேல்நோக்கி இருக்கட்டும், இல்லாவிட்டால் கண்டு நழுவி விழும். "புரிஞ்சுதுண்ணா, கவலையே படாதீங்க" என்றான். அந்த வார்த்தைக்குத்தான் 7,400 ரூபாய் அனுப்பினேன்.

பெட்டியைப் பிரித்தால், பேக்கிங் பெட்டிக்குப் போடும் ஈரம் உலராத பச்சைப் பலகை, மேலே காயாத வார்னிஷ். கதவே இல்லை. குச்சி ஒவ்வொன்றும் 8 மி.மீ.க்குக் குறையாது, ஸ்பூல் உள்ளே இறங்காமல் நுனியில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. துளை பெரிதாக இருந்த பழைய மரக்கண்டு ஒன்று மட்டும் இறங்கியது, என்னிடம் இருந்த ஒரே வெள்ளைப் பட்டு நூல். காலையில் எடுத்தால் பலகையில் பட்ட பக்கம் முழுக்க மஞ்சள் ஏறி, இழையோடு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நூல் இனி கிடைக்காது.

போன் செய்தேன். பணம் வாங்கும்வரை அண்ணா, அதற்கப்புறம் சார். "குளிருக்கு மரம் உப்பும் சார், கொஞ்சம் தேய்ச்சுக்குங்க." 5 மி.மீ. குச்சி 8 மி.மீ. ஆகிற அளவுக்கு எந்த மரம் ஐயா உப்பும்? அப்புறம் கூரியரில் நனைந்திருக்கும் என்றான். கதவு எங்கே என்றால், அது தனி ரேட்டாம். அடுத்த முறை ஒரு பெண் எடுத்து, ஓனர் கோயம்புத்தூர் போயிருக்கிறார் என்றார். கடைசியாக, "சொல்லிச் செய்யும் ஆர்டருக்கு ரிட்டர்ன் இல்லை" என்று ஒரு வரி மெசேஜ். இப்போது அவன் டிபி தெரியவில்லை, போட்ட கமெண்டையும் அழித்துவிட்டார்கள். 7,400 ரூபாய்!

நூல் வைக்கும் முறையை விவரமாக எழுத நினைத்தேன், இன்றைக்கு அதற்கு மனசு இல்லை. சுருக்கமாக: முழுப் பணம் முன்னால் கொடுக்காதீர்கள். அளவு, கதவு, மரம் எல்லாவற்றையும் மெசேஜில் எழுதி வாங்குங்கள், போன் பேச்சு செல்லாது. பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். நல்ல அலமாரி கிடைக்கும்வரை காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். நூலை ரப்பர் பேண்டால் கட்டாதீர்கள், இளகி ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் ஸ்பூல் பக்கத்தில் அந்துருண்டை வேண்டவே வேண்டாம்.

நுகர்வோர் எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இதே மாதிரி கடையில் பணம் விட்டவர்கள் இருந்தால் நீங்களும் பதியுங்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் 5 மி.மீ. குச்சி கடைந்து தரும் ஆசாரி யாராவது தெரிந்தால் சொல்லுங்கள், நேரிலேயே போய்க் கேட்டுக்கொள்கிறேன்.