டிஎச்ஏ, கோலின், யூரிடின்: நரம்பணுச் சவ்வுக்கு எது முதலில்?

மூளை நலத்துக்கென்று விற்கப்படும் மாத்திரைகளின் லேபிளைப் படித்துப் பார்த்தால் டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பமிலம், கோலின் என்ற சத்து, ஆர்என்ஏவின் ஒரு கூறான யூரிடின் ஆகிய மூன்றில் ஒன்றாவது கண்ணில் படும். ஒவ்வொரு விற்பனையாளரும் தன் சரக்குதான் நரம்பணுவுக்கு உயிர்நாடி என்கிறார். எது உசத்தி என்று கேட்பதற்கு முன், மூன்றும் போய்ச் சேரும் இடம் ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். நரம்பணுவைச் சூழ்ந்த சவ்வின் முக்கியமான கட்டுமானப் பொருள்களில் ஒன்றான பாஸ்ஃபாடிடைல்கோலின்தான் அந்த இடம்.

அது உருவாகும் பாதையை 1950-களில் உயிர்வேதியியலாளர் யூஜின் கென்னடி கண்டறிந்தார். கோலினில் முதலில் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. அது சைட்டிடின் டிரைபாஸ்பேட் என்ற மூலக்கூறுடன் வினைபுரிந்து சிட்டிகோலின் ஆகிறது. இரண்டு கொழுப்பமிலங்களைச் சுமந்த டைஅசைல்கிளிசரால் கடைசியில் வந்து இணைகிறது. அந்தக் கொழுப்பமிலங்களில் ஒன்றாக டிஎச்ஏ இருக்கலாம். சைட்டிடின் டிரைபாஸ்பேட்டை மூளை யூரிடினிலிருந்து தயாரித்துக்கொள்ள முடியும். ஆக, மூன்றுக்கும் ஒரே பாதையில் தனித்தனி வேலை. இந்தப் பாதையின் நொதிகள் சாதாரண நிலையில் முழு வேகத்தில் ஓடுவதில்லை. மூலப்பொருள் கூடினால் உற்பத்தியும் கூடும் என்பது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு வுர்ட்மன் குழுவினரின் வாதம். உணவு இங்கே பொருட்படுத்தத்தக்கதாவது இதனால்தான்.

மூவரில் டிஎச்ஏவுக்குத்தான் சான்று அதிகம், சிக்கலும் அதிகம். 22 கார்பன்களும் 6 இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட இந்தக் கொழுப்பமிலம் இருக்கும் இடத்தில் சவ்வு இறுகாமல் நெகிழ்ந்து நிற்கும். ஏற்பிப் புரதங்கள் அதில் நகர வேண்டும். நரம்புக்கடத்திகளைச் சுமந்த நுண்பைகள் அதோடு இணைந்து திறக்க வேண்டும். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் சினாப்ஸ் பகுதியில் டிஎச்ஏ செறிந்திருப்பதில் வியப்பில்லை. தாவர எண்ணெய்களில் உள்ள ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்திலிருந்து உடல் இதைத் தயாரிக்கும்தான், ஆனால் மிகச் சிறிய அளவில். ஆகவே மீனோ, மீனுக்கே அதை வழங்கும் பாசியிலிருந்து எடுத்த எண்ணெயோதான் நேர்வழி. மூளைக்குள் நுழைவதற்கும் தனி வாசல் உண்டு: இரத்தத்தில் லைசோபாஸ்ஃபாடிடைல்கோலின் (ஒரு கொழுப்பமிலம் கழன்ற பாஸ்ஃபாடிடைல்கோலின்) வடிவில் வரும் டிஎச்ஏவை எம்எஃப்எஸ்டி2ஏ என்ற புரதம் உள்ளே கொண்டுசேர்க்கிறது என்பது 2014-இல் வெளியானது.

மூளைக்குள் போன டிஎச்ஏ எளிதில் வெளியேறுவதும் இல்லை. வளர்ந்த மனித மூளையில் அதன் அரை ஆயுள் சுமார் இரண்டரை ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 'நான்கு வாரத்தில் நினைவாற்றல்' என்ற விளம்பரத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். மேலே சொல்ல ஒன்றுமில்லை. 2010-இல் வெளியான இரண்டு ஆய்வுகளும் எதிரெதிராக நிற்கின்றன. லேசானது முதல் மிதமானது வரையிலான அல்சைமர் நோயாளிகள் 402 பேரை வைத்து நடந்த ஆய்வில், நாளுக்கு 2 கிராம் டிஎச்ஏ 18 மாதம் கொடுத்தும் நோயின் வேகம் குறையவில்லை. வயதுக்கேற்ற லேசான மறதி மட்டுமே இருந்தவர்களிடமோ, நாளுக்கு 900 மில்லிகிராம் வீதம் 24 வாரம் கொடுத்ததில் ஒரு நினைவுத் தேர்வில் முன்னேற்றம் தெரிந்தது. சேதம் முற்றிய பிறகு பொருளைக் கொண்டுபோய்க் குவிப்பதில் பயன் இல்லை என்றே நான் இதைப் படிக்கிறேன்.

கோலினின் கதை வேறு. அது சவ்வுக்கும் வேண்டும், அசிட்டைல்கோலின் என்ற நரம்புக்கடத்திக்கும் வேண்டும். வரத்து குறைந்தால் என்ன நடக்கும்? அசிட்டைல்கோலினைப் பயன்படுத்தும் நரம்பணுக்கள் தம் சவ்வையே உடைத்துக் கோலினை எடுத்துக்கொள்கின்றன என்ற கருதுகோளை வுர்ட்மன் முன்வைத்தார். தன்னைத்தானே தின்னும் அணு! அல்சைமரில் இந்த வகை நரம்பணுக்கள் முதலில் பலியாவதற்கு இதுவும் காரணமா என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

ஆணுக்கு நாளுக்குக் கோலின் 550 மில்லிகிராம், பெண்ணுக்கு 425 என்பது 1998-இல் அமெரிக்காவில் வகுத்த போதுமான அளவு. ஒரு பெரிய முட்டையில் ஏறத்தாழ 150 கிடைக்கும் என்பதால் முட்டையே சாப்பிடாதவர்கள் இந்த அளவை எட்டுவது கடினம். கல்லீரலும் கொஞ்சம் தயாரித்துத் தருகிறது. அதற்கான நொதியை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் தூண்டுவதால் மாதவிடாய் முற்றுப்பெறும் வயதை எட்டாத பெண்களுக்கு ஓரளவு சலுகை உண்டு. மறுபக்கம், குடல் நுண்ணுயிரிகள் கோலினின் ஒரு பகுதியை டிரைமெத்தில்அமினாக மாற்ற, கல்லீரல் அதை டிஎம்ஏஓ ஆக்குகிறது. இதயநோயோடு தொடர்புபடுத்தப்படும் பொருள் அது. அளவு மீறி மாத்திரை விழுங்க நான் சொல்லமாட்டேன்.

யூரிடினுக்கு அதிக இடம் வேண்டாம். உணவின் ஆர்என்ஏவில் அது இருந்தாலும் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் சிதைந்துவிடுகிறது. எலியினத்தைச் சேர்ந்த ஜெர்பில்களுக்கு டிஎச்ஏவோடு யூரிடினும் கொடுத்தபோது டென்ட்ரைட் முட்கள், அதாவது சினாப்ஸ் அமரும் சிறு புடைப்புகள், பெருகியது உண்மை. ஆனால் மனிதரில்? உடலுக்குள் கோலினாகவும் யூரிடினாகவும் பிரியும் சிட்டிகோலினைப் பக்கவாதத்துக்கும் தலைக்காயத்துக்கும் கொடுத்துச் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2012-இல் வந்தன. இரண்டிலும் பலன் இல்லை.

மூன்றையும் பி வைட்டமின்களோடு கலந்த பானம் சூவனெய்ட். அல்சைமரின் தொடக்க அறிகுறிகளோடு இருந்த 311 பேரை வைத்து நடந்த ஈராண்டு ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. முதன்மை அளவுகோலான நினைவுத் தேர்வுத் தொகுப்பில் வேறுபாடு இல்லை. நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் சுருங்கியது மட்டும் சற்றுக் குறைவு. விற்பவர்கள் இரண்டாவதை உரக்கச் சொல்கிறார்கள்.

இந்தப் போட்டியில் பெயர் கொடுக்காத நாலாவது ஆள்தான் என்னைக் கவர்கிறார்: பி12, ஃபோலேட், பி6 கூட்டணி. ஆக்ஸ்ஃபர்டில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ள முதியவர்களுக்கு இந்த வைட்டமின்கள் ஈராண்டு தரப்பட, மூளை சுருங்கும் வேகம் சுமார் 30 சதவீதம் குறைந்தது. அதே தரவைப் பின்னர் மறுபடி அலசியபோது, இரத்தத்தில் ஒமேகா-3 போதுமான அளவு இருந்தவர்களுக்கே அந்தப் பலன் என்று தெரிந்தது. காரணமும் ஊகிக்கத்தக்கதே. பி வைட்டமின் குறைந்தால் இரத்தத்தில் ஹோமோசிஸ்டைன் என்ற அமினோ அமிலம் ஏறும். அது ஏறினால், டிஎச்ஏ மிகுந்த பாஸ்ஃபாடிடைல்கோலினைத் தயாரிக்கும் கல்லீரல் நொதி மந்தமாகும். அதாவது பி12 இல்லாதவருக்கு மீன் எண்ணெய் வாங்கிக் கொடுத்தும் சரக்கை ஏற்றி அனுப்ப ஆள் இருக்காது.

ஆகவே என் வரிசை இது. சைவ உணவுக்காரர்கள், முதியவர்கள், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் முதலில் பி12 அளவைப் பரிசோதித்துக் குறைவிருந்தால் சரிசெய்யட்டும். அடுத்து வாரம் இரண்டு முறை கொழுப்புள்ள மீன், அல்லது பாசி எண்ணெய். முட்டை சாப்பிடுபவர்களுக்குக் கோலின் கவலை பெரிதாக வேண்டியதில்லை. யூரிடினுக்குத் தனியாகப் பணம் செலவழிக்க இப்போதைக்குக் காரணம் காணோம். மீன் எண்ணெயைக் கிராம் கணக்கில் எடுக்க நினைப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அதிக அளவில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஆபத்து கூடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.