கடைக்குப் போனால் நல்ல பிள்ளை: இரண்டு பழைய லேப்டாப்பும் ஒரு புதுப் பெட்டியும்

என் மேஜையில் நாலைந்து வருடம் இரண்டு லேப்டாப் அருகருகே இருந்தன. பார்க்கிறவர்கள் ஏதோ பெரிய வேலை நடக்கிறது என்று நினைப்பார்கள். ஒன்று படுத்துக்கொண்டால் மற்றொன்றில் வேலையை முடிக்கலாம், அவ்வளவுதான் விஷயம். முதலாவது 2015இல் வாங்கியது: இன்டெல் ஐ3 புராசஸர், 5வது ஜெனரேஷன். இரண்டாவது 2018 தொடக்கத்தில் வீட்டுக்காரருக்கு வாங்கியது: ஐ5, 7வது ஜெனரேஷன். அவருக்கு ஆபீஸில் ஒன்று கொடுத்ததும் இது என்னிடம் வந்து சேர்ந்தது. பெங்களூரு அல்சூரில் வீட்டிலிருந்தபடியே தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன், கொஞ்சம் மொழிபெயர்ப்பும் உண்டு. 2025 ஜனவரியில் இரண்டையும் ஓரங்கட்டிவிட்டு, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்தேன். பதினான்கு மாதம் ஓடிவிட்டது. பழையதை இன்னும் எத்தனை நாள் இழுப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுவதையும், எப்போது நிற்கும் என்று தெரியாமல் ஓடுவதையும் நான் ரொம்ப நாள் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். மெதுவாக ஓடுவதற்கு மருந்து உண்டு, அதுவும் மலிவாக. 2015 லேப்டாப்பில் இருந்தது நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டு அடுப்படிக்குப் போய் அரிசி களைந்து குக்கர் வைத்துத் திரும்பினாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். 2020இல் அதற்குப் பதில் 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டே இல்லாத, வேகமான சேமிப்பு) போட்டதும் அரை நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தது. இன்னொன்றில் ரேமை 4 ஜிபியிலிருந்து 8 ஆக்கினேன், அதுவும் சுறுசுறுப்பானது. இந்த இரண்டு செலவையும் யாரிடமும் பரிந்துரைப்பேன்.

இன்னொரு நாள் பேங்க் சைட் திறக்கவே மாட்டேன் என்றது. ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று பிரவுசர் மிரட்டியது. வைரஸ் என்று பயந்து பாஸ்வேர்டையெல்லாம் போனில் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் லேப்டாப்பின் கடிகாரம் 2015 ஜனவரி 1 என்று காட்டிக்கொண்டிருந்தது. மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது, சிஆர்2032, 3 வோல்ட். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது தேதியை நினைவில் வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்துபோனால் தேதி பின்னால் ஓடிவிடும், சைட்டுகளின் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் ‘இன்றைக்கு’ செல்லாது என்று பிரவுசர் முடிவுகட்டிவிடும். நூறு ரூபாய்க்குள் தீர்ந்த விஷயம். இந்த மாதிரிக் கோளாறுகளைப் பார்த்து யாரும் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிடாதீர்கள்.

என்னை வாட்டியது வேறு. 2022 வாக்கில் 2015 லேப்டாப் திடீர் திடீரென்று அணைய ஆரம்பித்தது. எச்சரிக்கை கிடையாது, நீலத்திரை கிடையாது. டைப் செய்துகொண்டே இருப்பேன், திரை கறுத்துவிடும். வாரத்துக்கு ஒரு தடவை, சில வாரம் ஒன்றுமே இல்லை, அப்புறம் ஒரே நாளில் மூன்று தடவை. பல்வலி டாக்டர் வீட்டு வாசலில் மறைந்துவிடுகிற மாதிரி, ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனால் நல்ல பிள்ளையாக ஓடும். கடைக்காரர் சேலம் பக்கத்துத் தம்பி, பொறுமைசாலி. ரேமை எடுத்து ரப்பரால் தேய்த்துப் போட்டார். தெர்மல் பேஸ்ட் மாற்றினார், ஃபேன் மாற்றினார், சார்ஜர் சொருகும் ஜாக்கை மாற்றிப் பற்றவைத்தார். இரண்டு நாள் அங்கேயே ஓடவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. “போர்டுலதான்க்கா ஏதோ. இங்க நல்லாத்தான ஓடுது, நான் எதைப் புடிச்சு ரிப்பேர் பண்றது?” என்றார். நியாயமான கேள்வி.

2018 லேப்டாப்புக்கு அந்த நோய் இல்லை. அதற்குக் கீல் உடைந்தது, மாற்றினேன். பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. விண்டோஸே ஒரு பேட்டரி ரிப்போர்ட் எடுத்துத் தரும், அதில் வாங்கியபோது இருந்த கொள்ளளவும் இப்போது மிச்சமிருப்பதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். என்னுடையதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரிஜினல் கிடைக்காமல் ‘கம்பாட்டிபிள்’ பேட்டரி ஒன்று போட்டேன். பதினான்கு மாதத்தில் டச்பேடை அழுத்தினால் கல்லை அழுத்துவது போல இருந்தது. டச்பேட் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கீழே பேட்டரி உப்பிப்போய் அதை மேலே தள்ளிக்கொண்டிருந்தது! லித்தியம் பேட்டரி பழசானால் உள்ளே வாயு சேர்ந்து இப்படி உப்பும், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். உங்கள் லேப்டாப்பில் டச்பேட் கிளிக் ஆகாமல் போனாலோ, மேஜையில் வைத்தால் ஆடினாலோ உடனே அணைத்துவிட்டுக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியை எடுத்தபின் அது சார்ஜர் வயரில் மட்டும் ஓடியது, அதாவது கரண்ட் ஒரு கண் சிமிட்டினால் போச்சு. ஏப்ரல், மே மாதத்து மழைக்காற்றில் எங்கள் தெருவில் கரண்ட் நன்றாகவே கண் சிமிட்டும்.

நான் செலவை நோட்டில் எழுதிவைக்கும் ரகம். எஸ்எஸ்டி 2,400, ரேம் 1,600, பேட்டரி 2,200, கீல் 1,800, கீபோர்டு 1,300, சார்ஜர் 900, ஃபேன் 850, ஜாக் 700. மொத்தம் 11,750. முதல் இரண்டும் போக மிச்சம் 7,750 ரூபாய் ஒவ்வொரு முறையும் ‘இதோடு சரியாகிவிடும்’ என்று நினைத்துக் கொடுத்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பழைய லேப்டாப்பை விற்கக் கேட்டபோது ஒருவர் ஆயிரம் ரூபாய் சொன்னார்.

அப்படியும் நான் மாற்றவில்லை. மாற்ற வைத்தது ஒரு கோப்பு. எந்த லேப்டாப் எப்போது சாகும் என்று தெரியாததால், அரை மணிக்கு ஒரு தரம் பென் டிரைவில் போட்டு மற்றொன்றுக்கு மாற்றிவைப்பது வழக்கமாகிவிட்டது. ஒரே புத்தகத்துக்கு ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இறுதி புதுசு’, ‘இதுதான் இறுதி’ என்று இரண்டு இடத்திலும் கோப்புகள். 2024 தீபாவளிக்குப் பிறகு ஒரு 214 பக்கப் புத்தகத்துக்குத் திருத்தம் முடித்து அனுப்பினேன். அனுப்பியது நாலு நாள் பழைய கோப்பு. வடிவமைப்பாளர் பாதிப் புத்தகத்தைக் கட்டிய பிறகு, ஏழாம் அத்தியாயத்தில் நான் போனில் விவாதித்த ஒரு திருத்தம் காணோமே என்று கேட்டதால் பிழைத்தேன். இருபது வருட வேலையில் அப்படி ஒரு தவறு செய்ததில்லை. லேப்டாப் அணைந்ததால் ஒரு பக்கம்கூட நான் இழக்கவில்லை, அணைந்துவிடுமோ என்று செய்த ஏற்பாடுகளால்தான் இழந்தேன். அந்த ராத்திரி முடிவு செய்தேன்.

சரி, எதை வாங்குவது? வீட்டுக்காரர் ரீஃபர்பிஷ்டு லேப்டாப் கட்சி. கம்பெனிகள் கழித்துவிட்ட 8வது ஜெனரேஷன் லேப்டாப்கள் அப்போது எஸ்.பி. ரோட்டில் 18,000 முதல் 22,000 வரை சொன்னார்கள். தகடு போல உறுதியான உடம்பு, நல்ல கீபோர்டு. உண்மையிலேயே மனம் தடுமாறியது. ஆனால் மறுபடியும் ஐந்தாறு வருடம் பழைய பேட்டரி, யாரோ திறந்து மூடிய கீல். வேறு ஒருவரின் ‘நாளைக்கு என்ன ஆகுமோ’வைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று விட்டுவிட்டேன். மாணவர்களுக்கு நான் ரீஃபர்பிஷ்டைத்தான் சொல்வேன், எனக்கு வேண்டாம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடியப்போகிறது என்பதும் கணக்கில் இருந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் 8வது ஜெனரேஷனாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். என் 7வது ஜெனரேஷன் லேப்டாப் ஒரு படியில் தோற்றது. கூடுதலாக ஒரு வருடம், 2026 அக்டோபர் 13 வரை, அப்டேட் வாங்க வழி இருக்கிறது. லேப்டாப் ஒழுங்காக ஓடுகிறவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், எதற்கு அவசரம்?

டெஸ்க்டாப் என்று தீர்மானித்தது மகள் கேட்ட ஒரு கேள்வியால். “அம்மா, உன் லேப்டாப் கடைசியா எப்போ வீட்டை விட்டு வெளிய போச்சு?” யோசித்துப் பார்த்தேன். ரிப்பேர் கடைக்குத்தான். ஊருக்கு வருடத்தில் இரண்டு தடவை.

அல்சூரிலிருந்து மெட்ரோவில் மெஜஸ்டிக், அங்கே மாறி சிக்பேட்டை, பிறகு நடை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிக்கு மேல் கடை மூடியிருக்கும். நாலு கடையில் விலைப்பட்டியல் எழுதி வாங்கினேன். கன்னடம், தமிழ், இந்தி எல்லாம் கலந்த பேரம். ஐ5-12400 புராசஸர் 12,000, எச்610 மதர்போர்டு 6,000, 16 ஜிபி ரேம் 3,200, 512 ஜிபி எஸ்எஸ்டி 3,300, கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையும் 3,600, 24 அங்குல மானிட்டர் 8,600, கீபோர்டு மவுஸ் 1,100, 600 விஏ யுபிஎஸ் 2,900. ஆக 40,700. மலிவு என்று சந்தோஷப்படும்போதுதான் ஒரிஜினல் விண்டோஸ் அதில் சேர்த்தி இல்லை என்று உறைக்கும். “போட்டுத் தர்றேன் மேடம்” என்பார்கள், அது எந்த விண்டோஸ் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குத் தனியாக ஏறக்குறைய பத்தாயிரம் ஆனது. அந்தக் காசுக்கு விண்டோஸோடு சேர்ந்த ஒரு நல்ல புது லேப்டாப் வந்திருக்கும். பணத்தில் எனக்கு லாபம் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எது கெட்டாலும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம், அதற்குத்தான் கொடுத்தேன்.

பதினான்கு மாதத்தில் அது தானாக ஒரு தடவைகூட அணையவில்லை. ஒரு முறை மானிட்டரில் ‘நோ சிக்னல்’ வந்தது, கேபிள் தளர்ந்திருந்தது, நானே சொருகினேன். பெரிய மானிட்டரில் மூலமும் மெய்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் தெரிவதால் கழுத்துவலி பாதி குறைந்தது. ஒற்றெழுத்து விடுபட்டால் இப்போது தூரத்திலிருந்தே கண்ணில் படுகிறது. கரண்ட் போனால் யுபிஎஸ் பன்னிரண்டு நிமிடம் தாங்குகிறது, சேமித்து அணைக்கத் தாராளம். மானிட்டரோடு சேர்த்து என் வேலைக்கு 55 வாட் அளவு இழுக்கிறது. தினம் எட்டு மணி நேரம் என்றால் மாதம் பதிமூன்று யூனிட். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் எங்களுக்கு உள்ள அளவுக்குள் அடங்கிவிட்டது.

குறைகளும் உண்டு. நான் வாங்கிய மதர்போர்டில் வைஃபை கிடையாது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு ஐநூறு ரூபாய்க்கு ஒரு டாங்கிள். கேமரா இல்லை என்பது மகளின் ஆன்லைன் கிளாஸ் அன்றுதான் உறைத்தது. எல்லாவற்றையும்விட, லேப்டாப் அறைக்கு அறை நடக்கும், இது நடக்காது. சமையலறை மேடையில் வைத்துத் திருத்தம் பார்த்த காலம் போயிற்று. மகளுக்குப் பியூசி பரீட்சை நேரத்தில் யார் உட்காருவது என்று சண்டையே வந்தது.

அந்தச் சண்டையைத் தீர்த்ததும் பழையதுதான். இரண்டையும் ஒன்றாக்கினேன். 2015இன் எஸ்எஸ்டியை எடுத்து 2018இல் போட்டோம். ரேமை மட்டும் மாற்ற முடியவில்லை, அது டிடிஆர்3எல், இது டிடிஆர்4, ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. இந்த முறை கொஞ்சம் கூடவே கொடுத்து நல்ல பேட்டரி. 2018இன் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கூட்டில் போட்டு வாரா வாரம் நகல் எடுக்க வைத்துக்கொண்டேன். உப்பிய பேட்டரியைக் குப்பை வண்டியில் போடாமல் மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்தோம். லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் 22, அதற்கு 2029 வரை அப்டேட் உண்டு. தமிழ்99 விசைப்பலகை அதில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகச் சேர்த்தால் வருகிறது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற அதே அமைப்புதான், விரல் தடுமாறவில்லை. பாமினி என்ற, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் வரும் பழைய கோப்புகளுக்கு மட்டும் டெஸ்க்டாப்புக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. மகளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை, ரயிலில் நான் எடுத்துப் போவதும் அதையே.

எனக்கு ஒரே வருத்தம், மதர்போர்டில் இரண்டு ரேம் ஸ்லாட் இருந்தும் ஒன்றை மட்டும் நிரப்பியது. ‘இன்னொரு 16 அப்புறம் போட்டுக்கலாம், விலை எப்படியும் இறங்கும்’ என்றேன். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி மொத்தமாகப் போக ஆரம்பித்து 2025 கடைசியில் ரேம் விலை தலைதெறிக்க ஏறிவிட்டது. க்ரூஷியல் என்ற பெயரில் கடைகளில் விற்றுவந்த ரேம் வியாபாரத்தையே நிறுத்துவதாக மைக்ரான் டிசம்பரில் அறிவித்தது. 3,200க்கு வாங்கிய அதே ரேமுக்குப் போன வாரம் எட்டாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். சேலத்துத் தம்பியிடம் கேட்டேன். “இருக்கறது போதும்க்கா, இப்ப வாங்காதீங்க,” என்றார். ஸ்லாட் காலியாகத்தான் இருக்கிறது.