குழி வீடா, புல்கட்டி வீடா? நிகோடிமஸ்ல எது சரிப்பட்டுச்சு

அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலத்துல 1877ல நிகோடிமஸ்னு ஒரு ஊரு ஆரம்பிச்சாங்க, வந்தவங்க பெரும்பாலும் கென்டக்கி மாநிலத்துல அடிமையா இருந்து விடுதலையான கறுப்பின மக்கள். அந்தப் புல்வெளில மரமே அபூர்வம், அப்போ வீடுன்னா ரெண்டே வழிதான்.

முதல் வழி குழி வீடு, அதாவது மேட்டுச் சரிவுல குடைஞ்சு உள்ள போய் இருந்துக்கறது. மண்வெட்டியும் ஆளும் இருந்தா போதும், செலவே கிடையாது, குளிருக்கும் கதகதப்பு. ஆனா மழை பெஞ்சா கூரை ஒழுகும், மண்ணு கொட்டிக்கிட்டே இருக்கும், பாம்பு வேற வரும். 1878ல வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன் ஊரு எங்கன்னு கேட்டா, தரையில இருந்து புகை வர்றதைக் காட்டி அதான்னாங்களாம், அந்தம்மா அழுதுட்டாங்க. யாரா இருந்தாலும் அழுகைதான் வரும்!

இன்னொண்ணு புல்கட்டி வீடு, அதாவது புல்லோட வேர் பின்னிக் கிடக்கற மேல்மண்ணை ஏர் ஓட்டிப் பட்டையா உரிச்சு, துண்டு போட்டு, புல் பக்கம் கீழ இருக்கற மாதிரி செங்கல் கணக்கா அடுக்கறது. சுவரே ரெண்டடி கனம் வரும், ஜன்னல் வைக்கலாம், வெயில் காலத்துலயும் உள்ள குளுகுளுன்னு இருக்கும். ஒழுகறது இதுலயும் உண்டு.

பார்த்தா ரெண்டாவதுதான் பெட்டர், ஆனா அதுக்குக் கலப்பை வேணும், இழுக்க மாடோ குதிரையோ வேணும், இவங்ககிட்ட அது ரொம்பவே கம்மி. அதனால முதல் குளிருக்குக் குழிதான் சரி, கையில கொஞ்சம் காசு சேர்ந்தப்புறம் மேல வந்து கட்டிக்கலாம்.