மீன் தொட்டிப் பாசிக்கு "நீல மருந்து": திருகோணமலை ஆட்கள் கவனம்

வளவில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். பாசிக்கு மருந்து என்று யாராவது நீலத் தண்ணீரோடு வந்தால் ஊற்ற விடாதீர்கள்.

உப்புவெளியில் எங்கள் பின்வளவில் எட்டடிக்கு ஐந்தடி, இரண்டடி ஆழத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி இருக்கிறது. கச்சான் (சூடான தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் நாள் முழுக்க வெயில். தண்ணீர் பச்சையாகி, சுவரோரம் நூல்பாசியும் திரண்டுவிட்டது. மீன் சாமான் விற்கும் கடையொன்றில் சொன்னேன், ஆள் அனுப்பினார்கள். வந்தவர் தொட்டியை அளக்கவுமில்லை, எத்தனை மீன் என்று கேட்கவுமில்லை. பெயர் ஒட்டாத வெள்ளைக் கேனை அப்படியே சாய்த்தார். என்ன மருந்து என்று கேட்டதற்கு, "வெளிநாட்டுச் சாமான் அக்கா, நாளைக்குப் பாருங்கோ, கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார். ஐயாயிரம் ரூபா வாங்கினார், பில் தரவில்லை.

விடியப் பார்த்தால் தங்கமீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிக்கின்றன. மத்தியானத்துக்குள் பெரியவை எல்லாம் செத்து மிதந்தன. நத்தைகளும் மிஞ்சவில்லை. அவர் விட்டுப்போன கேனின் அடியில் கரையாத நீலக் கற்கள் கிடந்தன. தோட்டம் செய்யும் மாமா பார்த்த உடனேயே மயில்துத்தம் என்றார். சுண்ணாம்போடு கலந்து பயிருக்கு அடிக்கிற அதே சாமான்.

மயில்துத்தம் பாசியைக் கொல்லும், அது பொய்யில்லை. ஆனால் அதிலுள்ள செப்பு மீனின் செவுளையும் தாக்கும். தொட்டி எத்தனை லீற்றர் பிடிக்கும் (எங்களுடையது ஏறக்குறைய 2,200), தண்ணீர் மென்னீரா வன்னீரா (சுண்ணாம்புச் சத்துக் குறைவா கூடவா) என்று பார்க்காமல் போடவே கூடாது. மென்னீரில் நஞ்சு இன்னும் கூடும். அளந்து போட்டாலும், முழுப் பாசியும் ஒரேயடியாகச் செத்து அழுகினால் தண்ணீரிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துவிடும். வெயிலில் சூடான தண்ணீரில் அது ஏற்கெனவே குறைவு. செப்பு பிறகும் அழியாது, அடிச் சேற்றில் தங்கிவிடும்.

கடையில் போய்க் கேட்டால் "வெயிலுக்குச் செத்திருக்கும்" என்கிறார்கள். அந்த மீன்கள் எத்தனை கச்சானைக் கண்டவை!

கொஞ்ச நாளில் பச்சையும் திரும்பிவிட்டது. வெயிலும் மீன் கழிவும் மிஞ்சிய தீனும் இருக்கும்வரை பாசி வரத்தான் செய்யும். இப்போது தொட்டியை இறைத்து, சேற்றை வழித்துக் கழுவி, மேலே நிழல்வலை கட்டியிருக்கிறேன். தண்ணீரில் பாதிக்கு மேல் மூடும்படி ஆம்பல் விட்டிருக்கிறேன். நூல்பாசியை ஒரு சொரசொரப்பான தடியில் சுற்றி இழுத்தால் கொத்தாக வந்துவிடும். தீன், சில நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும். யூவி லைட் (புற ஊதா விளக்கு) வாங்கச் சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள்: அது தண்ணீரில் மிதக்கும் பச்சைக்குத்தான் உதவும், சுவரில் ஒட்டிய நூல்பாசிக்கு உதவாது.

யாரையாவது கூப்பிடத்தான் வேண்டுமென்றால் மருந்தின் பெயரைக் கேளுங்கள், லேபிளைப் படம் எடுங்கள், பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடும்போது அந்தப் பில்தான் கையில் இருக்க வேண்டும்.