பெண் பிள்ளைகளுக்கான கால்பந்து கிளப்பும் அதன் கல்லூரிச் சேர்க்கைத் தொகுப்பும்: ஒன்பது பருவங்களுக்குப் பின் ஒரு மதிப்புரை

டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, பிளேனோ பகுதிகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பெண்ணைப் பரதநாட்டிய வகுப்பிலிருந்து நேரே கால்பந்துத் திடலுக்கு அழைத்துக்கொண்டு ஓடும் பெற்றோர் இன்று பலர் உண்டு. நானும் அவர்களில் ஒருத்தி. எங்கள் மூத்த மகள் 2017 ஆகஸ்டில், ஒன்பது வயதில், இங்குள்ள ஒரு கிளப்பில் சேர்ந்தாள். இந்த ஆண்டு பள்ளிப்படிப்பை முடிப்பதோடு அங்கிருந்து விலகுகிறாள். கிளப்பின் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனெனில் இதே அனுபவத்தை வேறு சட்டை அணிந்த பிள்ளைகளின் பெற்றோரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். அந்த மூன்றும் முதல் மூன்று பருவங்களுக்கு உரியவை.

அந்த மூன்று பருவங்களும் ஒரே பயிற்சியாளரிடம் கழிந்தன. கல்லூரி அணியில் நடுக்களத்தில் ஆடிய பெண் அவர். அமெரிக்காவில் பத்து வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு ஏழு பேர், பன்னிரண்டுக்கு உட்பட்டோர் அணிக்கு ஒன்பது பேர் என்றே ஆட்டம் நடக்கிறது. பதினொருவர் ஆட்டம் பதின்மூன்று வயதுப் பிரிவில்தான் தொடங்குகிறது. திடல் சிறியது, ஆட்கள் குறைவு, ஆகவே ஒவ்வொரு பிள்ளையின் காலுக்கும் பந்து அடிக்கடி வந்துசேரும். இந்த ஏற்பாட்டின் நோக்கத்தை அவர் முழுமையாக உணர்ந்திருந்தார். ஒரு பயிற்சியை மட்டும் சொல்கிறேன். பந்து காலுக்கு வந்துகொண்டிருக்கும்போதே ஆட்டக்காரியின் முதுகுப்பக்கம் நின்று அவர் விரல்களை உயர்த்திக் காட்டுவார். பந்தைத் தொடுவதற்குள் அவள் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று உரக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகே பந்தை நிறுத்த வேண்டும். முதல் மாதம் எண்ணைச் சரியாகச் சொன்னால் பந்து காலுக்கடியில் ஓடிவிடும், பந்தை நிறுத்தினால் எண் தவறிவிடும். அடுத்த பருவத்தில், யாரும் விரல் காட்டாத போட்டிகளிலும் என் மகள் தன்னையறியாமல் இருபுறமும் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஆடினாள். பின்னாளில் அவளைப் பார்க்க வந்த கல்லூரிப் பயிற்சியாளர்கள் முதலில் குறிப்பிட்டதும் அந்தப் பழக்கத்தைத்தான்.

மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமனார் ஒரு சனிக்கிழமை காலை எங்களோடு திடலுக்கு வந்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு, “ஏம்மா, நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்துறாங்களே, இவங்க அத்தனை பேரும் வாத்தியாருங்களா?” என்று கேட்டார். அந்தப் பயிற்சியாளரின் அணியில் பெற்றோர் வாய் திறக்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். கத்தியவர்கள் எதிரணிப் பெற்றோர். பிற்காலத்தில் எங்கள் பக்கமும் கத்தத் தொடங்கியது வேறு கதை.

மாற்றம் 2020-இல் வந்தது. அமெரிக்கக் கால்பந்துச் சங்கம், கிளப்புகளின் இளையோர் அணிகள் நாடளவில் மோதிய தன் வளர்ச்சி அகாடமித் தொடரை அந்த ஏப்ரலில் இழுத்து மூடியது. பெண்களுக்கென 2017-இல்தான் அதைத் தொடங்கியிருந்தார்கள். அதிலிருந்த கிளப்புகள் இடம் தேடி அலைந்தன. சில, 2009 முதல் நடந்துவரும் இசிஎன்எல் என்ற தேசியக் கிளப் தொடருக்குப் போயின; சில, அதே ஆண்டு புதிதாக உருவான கேர்ள்ஸ் அகாடமி தொடரில் சேர்ந்தன. இந்தக் குலுக்கலில் எங்கள் கிளப்புக்கும் தேசியத் தொடர் ஒன்றில் இடம் கிடைத்தது. சட்டைக் கையில் புதிய சின்னம் ஏறியது, கட்டணமும் ஏறியது. பழைய பயிற்சியாளர் விலகிக்கொண்டார். புதிதாக வந்தவர் அணித் தேர்வு நாளன்று உயரமும் வேகமும் உள்ள பெண்களை முதலில் எடுத்தார். பன்னிரண்டு வயதில் உயரமாக இருப்பவள் முன்னதாக வளர்ந்துவிட்டாள் என்பதற்கு மேல் அந்த உயரத்துக்குப் பெரிய பொருள் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வெற்றிக்கு அது உதவுகிறது. பந்தை நிறுத்தி, நிமிர்ந்து, வழி தேடி ஆடிய அணி, அதைத் தூக்கி முன்னே அடித்துவிட்டு ஓடும் அணியாக ஓராண்டுக்குள் மாறியது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் பருவத்தில் 1,900 டாலராக இருந்த எங்கள் ஆண்டுக் கட்டணம் பத்தாம் வகுப்பில் 3,600 டாலரானது. சீருடை தனி. அரிசோனாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் போட்டிகளுக்குப் பறக்கும் செலவு தனி. உடன் வரும் பயிற்சியாளரின் விமானச்சீட்டையும் அறை வாடகையையும் குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். போட்டி நடத்துவோர் குறிப்பிட்ட விடுதியில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. அதே சாலையில் பாதி வாடகைக்கு அறை கிடைத்தாலும் போக முடியாது.

பணத்தைவிட எனக்கு அதிகம் வலித்தது காய விஷயம். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழியும் ஆபத்து ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம் என்பது மருத்துவத்தில் நன்கு நிறுவப்பட்ட ஒன்று. அதைக் குறைக்க ஃபிஃபா 11+ என்ற பயிற்சி முறை இருக்கிறது. ஓட்டம், ஒற்றைக்காலில் சமநிலை, குதித்து முழங்கால் உள்ளே மடியாமல் இறங்குவது என்று எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் பிடிக்கும், தனிக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரே ஆண்டில் எங்கள் அணியில் இரண்டு பெண்களுக்கு அந்தத் தசைநார் கிழிந்தது. இந்தப் பயிற்சியைச் சேர்க்கும்படி பெற்றோர் சிலர் எழுதிக் கேட்டோம். திடல் வாடகை நேரம் போதவில்லை என்று பதில் வந்தது. கிளப்பின் வலைப்பக்கத்திலோ ‘ஆட்டக்காரரின் நலனே முதன்மை’ என்ற வாசகம் அப்படியே நிற்கிறது.

இனி, கல்லூரி அணிகளின் பயிற்சியாளர்கள் கண்ணில் மகளைப் படவைக்கும் என்று சொல்லி ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு விற்கப்பட்ட கல்லூரிச் சேர்க்கைத் தொகுப்பு. கூடுதலாக 1,200 டாலர். காணொளித் தொகுப்பு, இணையத்தில் தனிப்பக்கம், பயிற்சியாளர்களுக்கு மொத்தமாக மின்னஞ்சல், மாதந்தோறும் ‘ஆர்வ அறிக்கை’. முதல் அறிக்கையில் பதினேழு கல்லூரிகள் ஆர்வம் காட்டியதாக இருந்ததைக் கண்டு நானும் என் கணவரும் இனிப்பு வாங்கி வந்தோம். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்த பிறகுதான் அவை அனைத்தும் கட்டணம் செலுத்திக் கோடை முகாமுக்கு வரச்சொல்லும் பொதுக் கடிதங்கள் என்பது தெரிந்தது. கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளில் உயர்ந்ததான முதல் பிரிவைச் சேர்ந்த கல்லூரிகளின் பெண்கள் கால்பந்துப் பயிற்சியாளர்கள், பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15-க்கு முன் ஒரு மாணவியோடு சேர்க்கையைப் பற்றிப் பேசக் கூடாது என்பது 2019 முதல் உள்ள விதி. முகாம் அழைப்பு போன்ற பொதுக் கடிதங்களுக்குத் தடையில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவியின் அறிக்கையில் முதல் பிரிவிலிருந்து அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க முடியாது என்பதை விற்றவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

மொத்த மின்னஞ்சல்களின் தரமும் அப்படியே. ஒரு கல்லூரிக்குப் போன கடிதத்தில் அதன் போட்டிக் கல்லூரியின் பெயர் இருந்தது. அதைப் பார்த்த அன்றே மகள், “அம்மா, இனி நானே எழுதிக்கிறேன்” என்றாள். அவள் கடிதம் நான்கு வரிதான்: எந்த இடத்தில் ஆடுகிறாள், மதிப்பெண் எவ்வளவு, அந்தக் கல்லூரி அணியின் எந்த ஆட்டத்தைப் பார்த்தாள், அடுத்த போட்டியில் எந்தத் திடலில் எத்தனை மணிக்கு எந்த எண் சட்டையில் ஆடுவாள். தொகுப்புக்காரர்கள் இசை சேர்த்துத் தயாரித்த காணொளியில் அவள் போட்ட கோல்களே இருந்தன. நடுக்கள ஆட்டக்காரியிடம் பயிற்சியாளர்கள் தேடுவது அதுவல்ல. முழு ஆட்டத்தையும் தானாகவே படம்பிடிக்கும் வியோ கேமராவின் பதிவிலிருந்து, பந்து வருமுன் அவள் திரும்பிப் பார்ப்பது தெரியும் துண்டுகளாகப் பொறுக்கி, மூன்று நிமிடத்துக்குள் அவளே வெட்டி ஒட்டினாள். அதற்குப் பிறகுதான் பெயர் சொல்லி அழைத்துப் பதில்கள் வரத் தொடங்கின.

2024 ஜூன் 15 அன்று இரண்டு முதல் பிரிவுக் கல்லூரிகளிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டும் பகுதி உதவித்தொகை பற்றிப் பேசின. அடுத்த ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் மீது, மாணவ ஆட்டக்காரர்களுக்கான பணம் தொடர்பாகத் தொடுக்கப்பட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. அதுவரை முதல் பிரிவுப் பெண்கள் அணி ஒன்றுக்குப் பதினான்கு முழு உதவித்தொகைகளுக்கு ஈடான தொகையே உச்சவரம்பு. அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். சமரசத்தை ஏற்ற கல்லூரிகளில் அந்த வரம்பு நீங்கி, அணியில் இருபத்தெட்டுப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு வந்தது. தாளில் பார்த்தால் உதவித்தொகைக்கான வாய்ப்பு கூடுகிறது. ஆனால் முப்பதுக்கு மேல் வைத்திருந்த பயிற்சியாளர் முதலில் ஆளைக் குறைத்தாக வேண்டும். இரண்டில் ஒரு கல்லூரி அத்துடன் பேச்சை நிறுத்திக்கொண்டது. இந்த மாற்றத்தைப் பற்றித் தொகுப்புக்காரர்கள் ஒரு வரியும் எழுதவில்லை; அம்மாத அறிக்கையிலும் முகாம் அழைப்புகளே இருந்தன.

மகள் இறுதியில் பென்சில்வேனியாவில் ஒரு சிறிய மூன்றாம் பிரிவுக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாள். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக ஒரு டாலரும் தர மாட்டார்கள். படிப்புத் தகுதிக்காக அவர்கள் அளித்த உதவி, எஞ்சியிருந்த முதல் பிரிவுக் கல்லூரி சொன்ன தொகையைவிட அதிகம். கால்பந்துக்குச் செலவிட்டதைக் கால்பந்தே உதவித்தொகையாகத் திருப்பித் தரும் என்ற கணக்கோடு சேர்ப்பவர்கள், அந்தப் பணத்தைக் கல்லூரிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுவது மேல் என்று மனதாரச் சொல்வேன். எங்களுக்கு அப்படித் திரும்பி வரவில்லை. அவளுக்கு ஆட்டம் தெரியும், தானே எழுதத் தெரியும். அவற்றில் முதலாவதை மட்டும் கிளப்பின் கணக்கில் வரவு வைக்கிறேன்.

இளையவளுக்கு இப்போது பத்து வயது. 2015 செப்டம்பரில் பிறந்தவள். வயதுப் பிரிவைப் பிறந்த ஆண்டைக்கொண்டு வகுக்கும் முறை 2026-27 பருவத்திலிருந்து மாறி, ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்றாகிறது. ஆகவே அவளுடைய இப்போதைய அணி கலைந்து, புதிய அணிக்கான தேர்வு நடக்கவிருக்கிறது. அதற்கு இதே கிளப்பில்தான் பெயர் கொடுத்திருக்கிறோம். சிறு வயதுப் பிரிவுகளுக்கு இங்கே இன்னமும் நல்ல பயிற்சியாளர்கள் இருவர் இருக்கிறார்கள். பணம் கட்டுமுன், அவர்களில் யார் அவளுக்குப் பயிற்சி தருவார், பருவத்தின் நடுவில் ஆளை மாற்றினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்று மேலாளருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இம்மதிப்புரையில் சேர்க்கிறேன்.