துணைவரின் மாஸ்டர்ஸ் கட்டணத்துக்கு வரிச்சலுகை: டாக்ஸ் மென்பொருள்கள் எவ்வளவு கைகொடுக்கும்?

அமெரிக்காவில் கணவரோ மனைவியோ மாஸ்டர்ஸ் படிக்கும்போது, கட்டிய ஃபீஸுக்காகக் கேட்கக்கூடிய முக்கியமான சலுகை ஒன்றுதான்: லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் (கிரெடிட் என்றால் கட்ட வேண்டிய வரியிலிருந்து நேரடியாகக் குறையும் தொகை). முதல் 10,000 டாலருக்கு 20 சதவீதம், அதாவது ஒரு ரிட்டர்னுக்கு அதிகபட்சம் 2,000 டாலர். இருவருமே படித்தாலும் அதே 2,000தான். அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட் என்ற இன்னொரு சலுகை கல்லூரியின் முதல் நான்கு ஆண்டுப் படிப்போடு முடிந்துவிடும். ட்யூஷனைக் கழிவாகக் காட்டும் பழைய வழி 2020ஆம் ஆண்டோடு காலாவதியாகிவிட்டது. இணையத்தில் இன்னும் அதைச் சொல்லும் கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

இந்த ஒரே வேலைக்கு எந்தச் சேவை போதும்? ஃப்ரீடாக்ஸ்யூஎஸ்ஏ என்ற இணைய மென்பொருள் போதும் என்பதே எங்கள் கணிப்பு. இந்தக் கிரெடிட்டைக் கேட்கும் படிவம் 8863 அதன் ஃபெடரல் இலவசத்துக்குள்ளேயே அடங்கும். ஸ்டேட் ரிட்டர்னுக்கு மட்டும் தனிக் கட்டணம். டர்போடாக்ஸின் இலவசப் பதிப்பு எளிய ரிட்டர்ன்களுக்கு மட்டும்தான். இந்தக் கிரெடிட் ஷெட்யூல் 3 என்ற கூடுதல் படிவம் வழியாகப் போவதால், கட்டண விவரம் அடங்கிய 1098-டி படிவத்தை உள்ளிட்டதும் கட்டணப் பதிப்புக்கு மாறச் சொல்லும். வேறு காரணம் இல்லாமல் 1098-டிக்காக மட்டும் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. கணக்குப் போடும் விதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. தவறு நேர்வதெல்லாம் நாம் கொடுக்கும் எண்களில்.

பல்கலைக்கழகம் அனுப்பும் 1098-டியை அப்படியே தட்டச்சு செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவதுதான் அந்தத் தவறுகளில் முதலாவது. கட்டம் 1 அந்தக் காலண்டர் ஆண்டில் வந்து சேர்ந்த பணம். கட்டம் 5 ஸ்காலர்ஷிப். 5ஐ 1லிருந்து கழித்து மிச்சத்துக்குக் கிரெடிட் போடுவதுதான் மென்பொருளின் வழக்கம். 5 பெரிதாக இருந்தால் மிஞ்சும் தொகை வருமானமாகக்கூட மாறலாம். ஆகவே மாணவர் கணக்கின் பில் ஸ்டேட்மென்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட வேண்டும். ஹெல்த் இன்ஷூரன்ஸ், விடுதி, போக்குவரத்து எதுவும் கணக்கில் சேராது. புத்தகச் செலவு சேர வேண்டுமானால், சேர்க்கையின் நிபந்தனையாகப் பல்கலைக்கழகத்துக்கே கட்டியிருக்க வேண்டும். வெளியே வாங்கிய புத்தகம் இந்தக் கிரெடிட்டுக்கு உதவாது. கல்விக் கடனில் கட்டியிருந்தால் பிரச்சினை இல்லை: அந்தப் பணத்தைப் பல்கலைக்கழகம் மாணவர் கணக்கில் வரவு வைத்த தேதிதான் நீங்கள் கட்டிய தேதி.

மென்பொருள் கேட்காமலே விட்டுவிடும் ஒரு விஷயம்: உங்களில் ஒருவர் பல்கலைக்கழக ஊழியர், அதனால் துணைவரின் மாஸ்டர்ஸ் கட்டணம் தள்ளுபடி என்றால், பேச்சிலர்ஸுக்குப் போல அது வரியில்லாச் சலுகை ஆகாது. தள்ளுபடித் தொகை டபிள்யூ-2 என்ற சம்பள விவரப் படிவத்தில் சம்பளமாக ஏறும். வரி கட்டிய அந்தத் தொகையை நீங்களே கட்டிய ட்யூஷனாகக் காட்டலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1098-டியின் கட்டம் 5இல் அது ஸ்காலர்ஷிப் போல வந்திருந்தால் கிரெடிட் பூஜ்யமாகிவிடும். அங்கே எண்ணைத் திருத்தும் வசதி இருக்கிறதா என்பதுதான் ஒரு மென்பொருளுக்கு நாங்கள் வைக்கும் பரீட்சை. இன்னொன்று, அனுப்புவதற்கு முன் 8863ஐ முழுதாகத் திறந்து பார்க்க முடிகிறதா என்பது. பார்க்க முடிந்தால் மூன்றாம் பகுதியின் 31ஆம் வரியைத் தேடுங்கள். உங்கள் தொகை அங்கே இருக்க வேண்டும். 27 முதல் 30 வரையுள்ள வரிகளில் எண் தெரிந்தால், துணைவரைப் பேச்சிலர்ஸ் மாணவராக எடுத்துக்கொண்டு தவறான கிரெடிட்டைப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். 1098-டியின் கட்டம் 9, அதாவது கிராஜுவேட் மாணவர் என்ற டிக், விடுபட்டதால் வரும் குழப்பம் இது.

அடுத்து வருமான வரம்பு. சேர்ந்து ஃபைல் செய்பவர்களுக்கு 1,60,000 டாலரில் குறையத் தொடங்கி 1,80,000இல் முழுதாகப் போய்விடும். தனித்தனியாக ஃபைல் செய்தால் கிரெடிட்டே கிடையாது. கல்விக் கடன் தவணையைக் குறைக்கத் தனியாக ஃபைல் செய்பவர்கள் இந்த இழப்பையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

நடுவில் இருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2025ஆம் ஆண்டுக் கணக்கில் வருமானம் 1,68,000 என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 10,000க்கு மேல். கிரெடிட் 1,200 டாலர் வரும். படிக்கும் துணைவருக்கு அலுவலக ரிட்டையர்மென்ட் திட்டம் இல்லையென்றால், அவர் பெயரில் டிரடிஷனல் ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் 7,000 டாலர் போடலாம். அடுத்த ஆண்டு ஏப்ரல் 15 வரை அவகாசம். வருமானம் 1,61,000 ஆகி, கிரெடிட் 1,900க்கு ஏறும். அதோடு 22 சதவீத அடுக்கில் 1,540 டாலர் வரியும் மிச்சம். ஆக 7,000 போட்டதற்கு 2,240 கிடைக்கிறது. மென்பொருள் இதைத் தானாகச் சொல்லித் தரும் என்று நம்பியிருக்க முடியாது. ஐ.ஆர்.ஏ. பக்கத்தில் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு, மேலே ரீஃபண்ட் தொகை எப்படி நகர்கிறது என்று நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தேதியிலும் பணம் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை தொடங்கும் செமஸ்டருக்கு முந்தைய டிசம்பரிலேயே கட்டினால் அது கட்டிய ஆண்டின் கணக்கில் போகும். ஃபால் செமஸ்டருக்கே 12,000 கட்டியாயிற்று என்றால் டிசம்பரில் இன்னொரு 12,000 கட்டுவதால் பயனில்லை. அதை ஜனவரியில் கட்டினால் அடுத்த ஆண்டுக்கும் ஒரு 2,000 கிடைக்க வாய்ப்பு. மே மாதம் படிப்பு முடிப்பவர்களுக்கு இது கட்டாயம் கவனிக்க வேண்டியது. கடைசித் தேதி தாண்டி அபராதம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளை விட்டு ஆளிடம் போக வேண்டிய இடம், துணைவர் எஃப்1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் நிலை. முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் வரிக் கணக்கில் நான்-ரெசிடென்ட். ஆண்டின் ஒரு பகுதியில் அப்படி இருந்தாலும், ரெசிடென்ட்டாகக் கருதும்படி இருவரும் கையெழுத்திட்ட அறிக்கையை முதல் கூட்டு ரிட்டர்னோடு இணைத்தால்தான் கிரெடிட் உண்டு. அப்படிச் செய்தால் இந்தியாவில் உள்ள வங்கி வட்டி உட்பட உலக வருமானம் முழுவதையும் காட்ட வேண்டும். வரி மென்பொருள்கள் கேட்கும் "அமெரிக்க ரெசிடென்டா?" என்ற கேள்விக்கு யோசிக்காமல் "ஆம்" போட்டு நகர்வதுதான் இங்கே ஆபத்து. என்ரோல்டு ஏஜென்ட்டோ (அமெரிக்க வரித்துறையின் உரிமம் பெற்ற வரி ஆலோசகர்) சி.பி.ஏ.யோ (உரிமம் பெற்ற கணக்காளர்) பார்ப்பது நல்லது. ரீஃபண்டில் சதவீதம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் ஐ.டி.ஐ.என். என்ற வரி எண் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: 2025இல் வந்த சட்டத்தின்படி, 2026 வரி ஆண்டிலிருந்து இந்தக் கிரெடிட்டுக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் நிபந்தனை வருகிறது.

வருமானம் குறைவாக உள்ளவர்களுக்கு அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் வீட்டா மையங்கள் (தன்னார்வலர்கள் ரிட்டர்ன் நிரப்பித் தரும் இடங்கள்) இலவசம். 2025இல் அறிவித்த வரம்பு பொதுவாக 67,000 டாலர். 8863 அவர்கள் வேலைக்குள் வருவதுதான். பில் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் போங்கள், 1098-டி மட்டும் போதாது.

முந்தைய ஆண்டுகளில் கேட்காமல் விட்டிருந்தால், பொதுவாக ரிட்டர்ன் அனுப்பிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டு வாங்கிக்கொள்ளலாம். 8863ஐ அந்த ஆண்டுக்குரிய பதிப்பில் நிரப்ப வேண்டும். இது ரீஃபண்டபிள் கிரெடிட் (வரியே இல்லாவிட்டாலும் பணமாகக் கைக்கு வருவது) இல்லை என்பதால், அந்த ஆண்டுக்கான மொத்த வரி ஏற்கெனவே பூஜ்யமாக இருந்தால் திருத்தம் போடுவதில் பயனில்லை. முதன்மை ரிட்டர்ன் படிவமான 1040இன் 24ஆம் வரியைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.